1.6 ரோட்ஸ்டருக்கு 7 அங்குல டிஃப்: வாங்கினால் முழு செட்டாக வாங்குங்கள்

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். 1.6 லிட்டர் யூனோஸ் ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்கள் பின்பக்க டிஃபரன்ஷியலை (எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்) பெரியதாக மாற்ற நினைத்தால், டிஃப் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓடாதீர்கள். டிஃப், அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட், கியர் பெட்டியிலிருந்து டிஃபுக்கு நடுவில் ஓடும் புரொபெல்லர் ஷாஃப்ட், இந்த நான்கும் ஒரே காரிலிருந்து கழற்றிய செட்டாகக் கிடைத்தால்தான் காசை எடுக்க வேண்டும். இல்லையென்றால் காத்திருங்கள். நான் காத்திருந்தேன். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஒரு ஃபிளேஞ்ச் (இரண்டு பாகங்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) பொருந்தவில்லை என்றால்கூட ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ மறுபடி ஓட வேண்டும், அதுவரை கார் நான்கு ஸ்டாண்டின் மேல் நிற்கும், கடைக்காரரின் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

காரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. மாஸ்டா இதை 1989ல் வெளியிட்டது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா, மற்ற ஊர்களில் எம்எக்ஸ்-5. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், இரண்டே இருக்கை. ஜப்பான் சந்தைக்கு வந்த முதல் 1.6 எஞ்சின் 120 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தக் காருக்கு மாஸ்டா போட்ட டிஃபில் உள்ளே இருக்கும் கிரவுன் வீல் எனும் பெரிய பல்சக்கரம் 6 அங்குலம். 1993ல் எஞ்சினை 1.8 ஆக்கியபோது அவர்களே அதை 7 அங்குலத்துக்குப் பெரிதாக்கினார்கள், ஷாஃப்ட்களையும் தடிமனாக்கினார்கள். அதாவது இந்த மாற்றம் எங்கேயோ யாரோ கண்டுபிடித்த வித்தை இல்லை, தொழிற்சாலையே பின்னால் வந்த காருக்குச் செய்ததை நாம் முன்னால் வந்த காருக்குச் செய்கிறோம். அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை. வெட்டி ஒட்டுவது, வெல்டிங் அடிப்பது எதுவும் கிடையாது. போல்ட்டைக் கழற்று, போல்ட்டைப் போடு.

என் காரில் பழைய டிஃப் உடையவில்லை. ஆனால் முனக ஆரம்பித்திருந்தது. மணிக்கு 70லிருந்து 90 வரை, ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளை போல ஒரு சத்தம். பலரும் இதைக் கேட்டவுடன் வீல் பேரிங் என்று மாற்றிவிடுவார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது: காரை ஒரே வேகத்தில் வைத்து லேசாக இடமும் வலமும் வளைத்தால் சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங், ஏனென்றால் பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுகிறது. வளைவுக்கு மாறாமல், ஆக்சிலரேட்டரை அழுத்துவதற்கும் விடுவதற்கும் ஏற்ப மாறினால் அது டிஃபின் பல்லில் இருக்கிறது. என்னுடையது இரண்டாவது. அதோடு கியரில் போட்டு கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு அடி. உள்ளே தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு பிரச்சினை மழை. எங்கள் பக்கம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். லாசா சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் தோட்டத்து மண்ணைச் சாலைக்குக் கொண்டுவந்து விடும், அது நனைந்தால் வழுக்கும். வளைவு முடிந்து வேகம் எடுக்கும்போது உள்பக்கச் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றிவிட்டு, கார் அப்படியே தயங்கும். என் காரில் இருந்தது விஸ்கஸ் வகை எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்க வேண்டிய டிஃப். உள்ளே தட்டுகளுக்கு நடுவில் கெட்டியான சிலிக்கான் திரவம் இருக்கும்; ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றும்போது அந்தத் திரவம்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். முப்பது வருடத்தில் அந்தத் திரவத்தில் சத்து போய்விடுகிறது. பெயருக்கு எல்எஸ்டி, வேலையில் சாதா டிஃப்.

இதை எனக்குத் தெளிவாக விளக்கியவர் எங்கள் ஊர் ஃபோர்மன். தோட்டத்து டிராக்டர்களைப் பழுது பார்த்தே தொழில் கற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மாமாதான், எனக்கும். "தம்பி, சேத்துல மாட்டின டிராக்டர பாத்திருக்கியா? ஒரு சக்கரம் சுத்தும், இன்னொன்னு அப்படியே நிக்கும். டிஃப் எப்பவும் எளிதா சுத்துற பக்கத்துக்கே ஓடிப்போயிடும். அதான் காலுக்குக் கீழ லாக் வச்சிருக்கான். மிதிச்சா ரெண்டும் ஒண்ணாயிடும்" என்றார். டிராக்டருக்கு லாக் சரி, சேற்றில் நேராகத்தான் போகப்போகிறது. சாலையில் வளைந்து ஓடும் காருக்கு இரண்டு சக்கரமும் பூட்டியே இருந்தால் திரும்பாது, டயர் தேயும். எனவே தேவைப்படும்போது மட்டும் பிடித்து, மற்ற நேரம் விட்டுக்கொடுக்கிற ஒன்று வேண்டும். 1.8 கார்களில் வந்த டோர்சென் அந்த வேலையைப் பல்சக்கரங்களை வைத்தே செய்கிறது. தட்டு இல்லை, திரவம் இல்லை. உள்ளே இருக்கும் சாய்ந்த பற்கள், ஒரு பக்கம் பிடிமானம் குறையும்போது ஒன்றையொன்று அழுத்தி உராய்ந்து, விசையை நன்றாகப் பிடித்திருக்கும் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. தேய்வதற்குத் தட்டு இல்லாததால் பழையதை வாங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்கிறது, எனக்கு இதுதான் பெரிய காரணம். ஒரு குறை உண்டு: ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கிவிட்டால் டோர்செனும் சாதா டிஃப் மாதிரிதான், பிடிப்பதற்கு எதிர்விசையே இல்லை. லேசாக பிரேக்கைத் தொட்டால் கொஞ்சம் மீளும்.

அப்புறம் பல் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண். இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். 1.6ன் டிஃப் விகிதம் 4.3. என்.ஏ. எனப்படும் இதே முதல் தலைமுறை உடம்பில் வந்த 1.8ல் 4.1. அடுத்த தலைமுறை என்.பி.யில் ஆறு கியர் வண்டிகளில் 3.909. எண் குறையக் குறைய எஞ்சின் மெதுவாகச் சுற்றும், நெடுஞ்சாலையில் அமைதி, ஆனால் இழுப்பு குறையும். 185/60 அளவு 14 அங்குல டயரும் பழைய ஐந்து கியர் பெட்டியும் வைத்துக் கணக்குப் போட்டேன். ஐந்தாவது கியரில் 110ல் போகும்போது 4.3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,530 சுற்று, 4.1 என்றால் 3,370, 3.909 என்றால் 3,210. காகிதத்தில் 3.909 ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டுவதைவிடக் கோலகங்சார் போகும் பழைய சாலையிலும், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையிலும்தான் இந்தக் காரை ஓட்டுகிறேன். டர்போ இல்லாத 1.6 எஞ்சினுக்கு அந்த ஏற்றத்தில் 3.909 போட்டால் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு திணறும். டர்போ வைத்திருப்பவர் 3.909 போடட்டும். சாதா எஞ்சினுக்கு 4.1தான் சரி என்பது என் முடிவு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி தேடல். நம் நாட்டில் ஹாஃப்-கட் கடைகள் இருப்பது பெரிய வசதி. ஜப்பானில் ஓடி முடித்த காரைப் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புகிறார்கள், மேலைநாட்டுக்காரர்கள் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தேடி அலைவதை நாம் ஒரே கடை வாசலில் பார்க்கலாம். ஆனால் இந்தக் காரின் ஹாஃப்-கட் வந்தால் எஞ்சினும் முன்பக்கமும்தான் முதலில் போகும், பின்பக்கம் மூலையில் கிடக்கும், அதற்குள் யாராவது ஷாஃப்ட்டை மட்டும் கழற்றி விற்றிருப்பார்கள். ஒரு கடையில் 1.8 டிஃப் என்று சொல்லிக் காட்டினார்கள், ஷாஃப்ட் கேட்டதற்கு "உங்க 1.6 ஷாஃப்ட்டே போதும், சேம் சேம்" என்றார்கள். சேம் கிடையாது. உள்பக்கம் டிஃபுக்குள் நுழையும் முனை வேறு. 7 அங்குல டிஃபின் முன்னால் இருக்கும் ஃபிளேஞ்சும் வேறு அளவு, பழைய புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஓட்டைகள் அதோடு சேராது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேறொரு கடையில் முழு செட் வந்திருப்பதாகத் தகவல் கிடைத்துப் போனேன். வாங்குவதற்கு முன் பார்த்த விஷயங்களை எழுதிவிடுகிறேன், இதுதான் பலருக்கும் உதவும் என்று நினைக்கிறேன். விகிதத்தை ஸ்டிக்கரை நம்பாமல் கையால் எண்ணலாம். இரண்டு பக்க முனைகளும் ஒன்றாகச் சுற்றும்படி வைத்துக்கொண்டு முன் ஃபிளேஞ்சைச் சுற்றுங்கள். 4.1 என்பது 41 பல்லுக்கு 10 பல். எனவே பக்க முனைகள் சரியாகப் பத்துச் சுற்று முடிக்கும்போது ஃபிளேஞ்ச் 41 சுற்று சுற்றியிருக்கும். 4.3 என்றால் 43. ஃபிளேஞ்சில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒருவர் சுற்ற ஒருவர் எண்ணினால் தவறு வராது. சுற்றும்போது எங்காவது கரகரப்போ இறுக்கமோ வந்தால் வேண்டாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு, மினுமினுக்கும் துண்டுகள் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

துருவையும் பாருங்கள். நம் ஊரில் மழை உண்டே தவிர சாலையில் உப்பு கிடையாது, அதனால் இங்கேயே ஓடிய காரின் அடிப்பாகம் நன்றாகவே இருக்கும். ஜப்பானில் பனி கொட்டும் பகுதிகளில் சாலையில் உப்பு தூவுகிறார்கள், அங்கிருந்து வந்த பாகம் பார்த்தவுடன் தெரியும், டிரைவ் ஷாஃப்ட்டின் நடுத்தண்டு உரிந்து உரிந்து இருக்கும். ஷாஃப்ட்டின் மூட்டுகளை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருப்பது மட்டும் பெரிய குற்றமில்லை, பூட் மாற்றலாம். கிழிந்த பூட்டோடு எவ்வளவு காலம் ஓடியது என்பதுதான் கேள்வி, ஷாஃப்ட்டை அந்த மூட்டில் மடக்கிச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். புரொபெல்லர் ஷாஃப்ட் ஐந்து கியர் காருடையதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் காரில் ஏற்றிவிடவில்லை. கழுவி, பக்கவாட்டு எண்ணெய் சீல் இரண்டையும் மாற்றினோம், பூட்களைப் பிரித்துப் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் வைத்துப் புதுக் கிளிப் போட்டோம். டிஃபுக்குள் நுழையும் முனையில் இருக்கும் வளையக் கிளிப்பும் புதிது. முன் ஃபிளேஞ்சுக்குப் பின்னால் இருக்கும் பினியன் சீல் கசியவில்லை, அதைத் தொட வேண்டாம் என்று மாமா தடுத்துவிட்டார், சரியான முடிவு. அதை மாற்ற ஃபிளேஞ்சைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றினால் உள்ளே நசுங்கி உட்கார்ந்திருக்கும் ஸ்லீவின் இறுக்கம் கலைந்துவிடும், மறுபடி சரியான அழுத்தம் வைக்கக் கருவியும் அனுபவமும் வேண்டும். காய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கழற்றும் வேலையில் இந்தக் காருக்கே உரிய ஒரு விஷயம், அடியில் ஓடும் அந்த அலுமினியச் சட்டம். பிபிஎஃப் என்பார்கள். கியர் பெட்டியின் வாலையும் டிஃபின் மூக்கையும் ஒரே தண்டாக இணைக்கிறது. இந்தக் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்சக்கரம் உடனே பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், ரப்பரில் தொங்கி ஆடுகிற வேலையே இல்லை. ஆனால் கழற்றும்போது கவனம் வேண்டும். கியர் பெட்டியின் அடியில் ஜாக்கி வைக்காமல் இந்தச் சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தினால் கியர் பெட்டியின் வால் கீழே விழும், எஞ்சின் பின்னால் சாயும், எஞ்சின் தலையின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சார் போய் ஃபயர்வால் தகட்டில் இடிக்கும். எனவே முதல் வேலை ஜாக்கி, அதன் தலையில் ஒரு பலகைத் துண்டு. இரண்டாவது, ஒரு நேரான கம்பியைக் காரின் அடித்தளத்துக்குக் குறுக்கே வைத்து, அதிலிருந்து சட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே உயரத்துக்கு வர வேண்டும். உயரம் மாறினால் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரும், பிறகு ஷாஃப்ட்டைக் குறை சொல்லிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். சட்டத்தின் மேல் ஓடும் வயர் கட்டைப் பிடுங்காமல் கிளிப்பை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும், பழைய பிளாஸ்டிக், பொறுமை வேண்டும்.

சைலன்சர் குழாய் வழியில் இருக்கும், அது முதலில் இறங்க வேண்டும். பிறகு எண்ணெய். இதில் ஒரு ஒழுங்கு: ஊற்றும் மூடியை முதலில் திறந்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும். வடித்துவிட்டு மேல் மூடி திறக்கவில்லை என்றால் எண்ணெய் இல்லாத டிஃபோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சக்கர நடு நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, இன்னொருவர் பிரேக்கை மிதிக்க, நீளக் குழாய் போட்டுத் தளர்த்தினோம். அதன் விளிம்பு தட்டி மடக்கப்பட்டிருக்கும், அதை முதலில் நிமிர்த்த வேண்டும். இந்த நட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிது போடுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட்டை வெளியே எடுக்கச் சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டைச் சாய்க்க இடம் வேண்டும். கீழ்க் கையோடு சேரும் நீள போல்ட்தான் பிடிவாதக்காரன். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊற விட்டதால் எங்களுக்குச் சுத்தியல் அடி அதிகம் தேவைப்படவில்லை. கீழ்க் கையின் உள்முனையில் இருக்கும் சக்கர அலைன்மென்ட் போல்ட்களைத் தொடவே வேண்டாம், தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய டிஃப் பழைய இடத்தில் பிசிறில்லாமல் உட்கார்ந்தது. அதே இரண்டு தாங்கிகள், அதே ஓட்டைகள். என் பழைய பிபிஎஃப் சட்டமே பொருந்தியது, டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமுனை என் பழைய ஹப்புக்குள்ளேயே நுழைந்தது. ஏற்றுவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். நின்றுகொண்டு தூக்கினால் ஒருவர் தூக்கிவிடலாம், காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏற்றுவது வேறு கதை. கியர் பெட்டி ஜாக்கியில் டிஃபை வாரால் கட்டி ஏற்றினோம். ஷாஃப்ட் முனையை உள்ளே தள்ளும்போது வளையக் கிளிப் 'டக்' என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும், கேட்ட பிறகு வெளிப்பக்கமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் பற்கள் அதைக் கிழிக்காது.

எண்ணெய் 75டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். பழைய 6 அங்குலத்துக்கு 0.65 லிட்டர், இதற்கு 1 லிட்டர். ஊற்றும் ஓட்டையின் உதட்டில் வழிய ஆரம்பித்தால் போதும், ஆனால் கார் மட்டமாக நிற்க வேண்டும், பின்பக்கம் மட்டும் தூக்கிய நிலையில் ஊற்றினால் அளவு தப்பும். டோர்செனுக்குத் தட்டு வகை எல்எஸ்டிக்கான சிறப்புச் சேர்மானம் தேவையில்லை. கடைக்காரர் விற்கப் பார்ப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சக்கர நடு நட்டுக்கு 216லிருந்து 314 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் வேண்டும், சாதாரண டார்க் ரென்ச்சில் பலவற்றுக்கு அந்த எண்ணே இருக்காது. மாமாவிடம் லாரி வேலைக்கான பெரிய ரென்ச் இருந்தது. இல்லாதவர்கள் லாரி டயர் கடையில் கேட்டால் இரவல் கிடைக்கலாம்.

முதல் ஓட்டம் மெதுவாகத்தான். ஊரைச் சுற்றி, பிறகு பழைய சாலையில் கொஞ்ச தூரம், வந்து நிறுத்திச் சீல் பக்கம் விரலால் தடவிப் பார்த்து, எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கம் பார்த்தோம். முனகல் இல்லை. 'டொக்' இல்லை. அடுத்த மழைக்கு லாசா சாலையில் அதே வளைவுகளில் போனபோது வித்தியாசம் இடுப்பில் தெரிந்தது: வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த அழுத்த, பின்பக்கம் முழுதாக அமர்ந்து காரை முன்னே தள்ளுகிறது. அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு பிடிமானம் போனால் ஒரு சக்கரம் மட்டும் சுற்றி வேகம் வீணாகும், கார் நேராகவே இருக்கும். இப்போது நனைந்த சாலையில் முரட்டுத்தனமாக மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும், வால் வெளியே போகும். இந்தக் காரில் காப்பாற்ற எலெக்ட்ரானிக் உதவி எதுவும் கிடையாது. இளம்பிள்ளைகள் இந்த மாற்றத்தைச் செய்தால் முதலில் நல்ல டயர் வாங்குங்கள், பிறகுதான் டிஃப். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தக் காரின் வேகமானி கியர் பெட்டியிலிருந்து கேபிள் வழியாக ஓடுகிறது, டிஃப் மாறியது அதற்குத் தெரியாது. 4.3லிருந்து 4.1க்குப் போனதால் உண்மை வேகம் முன்பு காட்டிய கணக்கைவிட 5 விழுக்காடு அளவுக்குக் கூடுதல், முள் 105 காட்டும் இடத்தில் ஏறக்குறைய 110 ஓடிக்கொண்டிருப்போம். கிலோமீட்டர் எண்ணும் அதே அளவுக்குக் குறைவாக ஏறும். கியர் பெட்டியின் பக்கத்தில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது, 1.8 காரில் வரும், பல் எண்ணிக்கை குறைந்த சக்கரத்தை அங்கே போட்டால் சரியாகிவிடும். அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்வரை நெடுஞ்சாலையில் 100ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன், சம்மன் வந்தால் டிஃப் மாற்றினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யாரிடமாவது அந்தச் சக்கரம் உபரியாக இருந்தால் சொல்லுங்கள், ஈப்போ பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பழைய புரொபெல்லர் ஷாஃப்ட்டும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் நல்ல நிலையில் என்னிடம் சும்மாதான் இருக்கின்றன, 6 அங்குல டிஃபோடு ஓடுகிறவர்களுக்கு உதவும்.